கேரட் ஜூஸும் குன்னூர் எலியும்

டிஸ்கி: இது வைத்தியக் குறிப்பு இல்லை. எடை குறைக்க வழி தேடி வந்தவங்க நல்ல டாக்டரைப் பாருங்க. இங்கே கிடைக்கப் போறது ஒரு எண்ணோட கதை மட்டும்தான் :)

பொங்கல் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சேன் மக்களே. காலையில இட்லி கட். அதுக்குப் பதிலா வீட்டுலயே போட்ட காய்கறி ஜூஸ், பெரிய தம்ளர் நிறைய. கேரட் 200 கிராம், பீட்ரூட் 100 கிராம், ஒரு ஆப்பிள், துளி இஞ்சி, பாதி எலுமிச்சம்பழம், ரெண்டு பெரிய ஸ்பூன் தேன். மிக்ஸியில அடிச்சு, துணியில வடிகட்டி, சக்கையைத் தூக்கிப் போட்டுட்டு, செக்கச் செவேல்னு ஒரு தம்ளர். குடிக்கும்போதே உடம்பு இளைக்கிற மாதிரி ஒரு நெனப்பு. அழகப்பா காலேஜ் பக்கம் காலையில நடக்கப் போற கூட்டத்துல பாதிப் பேர் இதைத்தான் சொன்னாங்க. "காய்கறியில என்ன சார் கலோரி இருக்கு?"

மூணு மாசம் கழிச்சு எடை பார்த்தா 86 கிலோ 87½ ஆயிருக்கு. வீட்டம்மா ஒண்ணும் சொல்லலை. சிரிக்கவும் இல்லை. அதுதான் கஷ்டமா இருந்தது.

சர்க்கரை வேற எல்லைக்கோட்டுல நிக்குது. எங்க அப்பா அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்க் கால் விரலை இழந்தவர். அதனால இது அழகுக்காக எடை குறைக்கிற சமாச்சாரம் இல்லை எனக்கு. சரி, கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்னு உட்கார்ந்தேன். என்கிட்ட பழைய புத்தகம் ஒண்ணு இருக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட 'நியூட்ரிடிவ் வேல்யூ ஆஃப் இந்தியன் ஃபுட்ஸ்'. நம்ம ஊர் டயட்டீஷியன் யாரைக் கேட்டாலும் இந்தப் புத்தகத்தைத்தான் காட்டுவாங்க. அதுல 100 கிராம் கேரட்டுக்கு 48 கலோரி, பீட்ரூட்டுக்கு 43, ஆப்பிளுக்கு 59, தேனுக்கு 319. (புத்தகக் கணக்குல கிலோகலோரி. நாம பேச்சுல கலோரின்னு சொல்றது எல்லாமே அதுதான்.)

கேரட் 96. பீட்ரூட் 43. ஆப்பிள் 150 கிராம்னு வச்சா 88. தேன் ரெண்டு பெரிய ஸ்பூன் சுமார் 40 கிராம், அது 128. கூட்டினா 355.

எங்க வீட்டு இட்லி ஒண்ணுல அரிசியும் உளுந்துமா சேர்த்து 15 கிராம் போகும். அதாவது 52 கலோரி. ஆக நான் இட்லியை நிறுத்திட்டு, தெனமும் ஏழு இட்லியைத் தம்ளர்ல ஊத்திக் குடிச்சிருக்கேன். அதுவும் குடிச்சிட்டு பத்தரை மணிக்குப் பசிக்குதுன்னு ஆபீஸ் பக்கத்துல ரெண்டு வடை. அடப் போங்கப்பா!

இதுல கவனிங்க, காய்கறிக்கு 139தான். மிச்சம் 216 ஆப்பிளும் தேனும். பழியைக் காய் மேல போடக் கூடாது.

கணக்கு முடிஞ்சுது. ஆனா எனக்கு வேற ஒரு அரிப்பு ஆரம்பிச்சுது. அந்த 48 எங்கேருந்து வந்தது? ஒரு கேரட்டுக்குள்ள 48 இருக்குன்னு யாரு, எங்க உட்கார்ந்து, எதுக்காகக் கண்டுபிடிச்சாங்க? தேடிக்கிட்டே போனா அது அமெரிக்காவுக்குப் போயி, அங்கேருந்து நம்ம குன்னூருக்கு வந்து, பஞ்சத்துக்குள்ள நுழைஞ்சு, கடைசியில எங்க அப்பத்தாகிட்ட வந்து நின்னுது. கொசுவத்தியைப் பத்த வச்சுக்கிட்டு வாங்க.

கலோரிங்கிறது முதல்ல சாப்பாட்டுச் சொல்லே இல்லை. நீராவி இயந்திரக் காலத்துச் சொல். 1820-களில் பிரான்ஸில் நிக்கோலா கிளெமாங் என்பவர் வெப்பத்தை அளக்கிற அலகாகப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தார். அதைச் சோத்துத் தட்டுக்குக் கொண்டு வந்ததில் பெரும்பங்கு அமெரிக்காவின் வில்பர் அட்வாட்டருக்கு. 1890-களில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில், ஒரு ஆள் படுத்து எழுந்திரிக்கிற அளவுக்குச் செப்புத் தகடு அடிச்ச ஒரு பெட்டி அறை கட்டி, அதுக்குள்ள மனுசனை நாள்கணக்கில் அடைச்சு வச்சு, சின்ன ஜன்னல் வழியா சாப்பாடு கொடுத்து, உடம்பிலிருந்து வர்ற வெப்பத்தையும் மூச்சையும் மற்றதையும் அளந்தார். இன்னிக்கும் பிஸ்கட் பாக்கெட் பின்னாடி இருக்கிற கணக்கு அவரோடதுதான். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9.

இந்த அட்வாட்டருக்குக் காய்கறியைக் கண்டா ஆகாது. அவர் கவலை என்னன்னா, தொழிலாளி தன் கூலிக்கு அதிக சக்தியை எப்படி வாங்கறது. அந்தக் கணக்குல கீரையும் காயும் பழமும் தண்டச் செலவு. காசு அதிகம், கலோரி கம்மி. காய்கறியைத் தள்ளி வைக்க அவர் சொன்ன அதே காரணத்துக்காகத்தான் இப்போ நாம அதை மிக்ஸியில போடறோம்!

எண்ணை எடை குறைக்கத் திருப்பிப் பிடிச்சவங்களில் முக்கியமானவர் லுலு ஹன்ட் பீட்டர்ஸ்னு ஒரு பெண் டாக்டர். 1918-ல் புத்தகம் எழுதினார். அது முதல் உலகப் போர்க் காலம். நீங்க குறைச்சுச் சாப்பிட்டா அங்கே ஒரு குழந்தைக்குக் கிடைக்கும்ங்கிற தேசபக்தி வாசனையோட கலோரி எண்ணச் சொன்னார். ஒரு துண்டு ரொட்டின்னு சொல்லாதீங்க, 100 கலோரி ரொட்டின்னு சொல்லுங்கன்னார். புத்தகம் லட்சக்கணக்கில் வித்தது.

அதே 1918-ல்தான் நம்ம பக்கத்துக் கதை. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்கரிசன்கிற ராணுவ டாக்டர் பெரிபெரி நோயைப் பத்தி ஆராய ஆரம்பிச்சார். அரிசியை ரொம்பத் தீட்டிச் சாப்பிடறவங்களுக்கு வர்ற நோய் அது. அந்த ஒரு அறை வளர்ந்து 1928-ல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் ஆச்சு. 1958-ல் ஹைதராபாத்துக்குப் போச்சு. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பேர் மாறுச்சு. என் கையில இருக்கிற புத்தகத்துக்குத் தாய்வீடு ஊட்டிக்குப் போற வழியில இருக்கிற அந்த அறைதான்.

இன்னொரு வேடிக்கை. நம்ம சந்தைக்கு வர்ற கேரட்டுக்கும் அதே மலைதான் பிறந்த வீடு. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் குடியேறி ஐரோப்பியக் காய்களைப் பயிர் பண்ணிப் பார்த்தார். எங்க பக்கத்துல கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாத்துக்கும் இன்னிக்கும் இங்கிலீஷ் காய்னுதான் பேரு. திவசத்துக்குச் சேர்க்க மாட்டாங்க.

மெக்கரிசன் செஞ்சதுல எனக்குப் பிடிச்சது எலிச் சோதனை. இந்தியாவின் ஏழு பகுதிச் சாப்பாட்டை, ஏழு கூட்டம் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு, அதாவது முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி சாப்பிட்ட எலி சராசரி 235 கிராம் எடையோட முதலிடம். பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி எல்லாம் வரிசையா வந்து, கடைசி இடம் யாருக்கு? மதராஸிக்குத்தான். தீட்டின அரிசி, பால் கம்மி, காய் கம்மி. நம்ம எலி 155 கிராம். இங்கிலாந்தில் ஏழைகள் சாப்பிடற வெள்ளை ரொட்டி, மார்ஜரின், டீ, ஜாம் வகையறாவையும் தனியா ஒரு கூட்டத்துக்குப் போட்டிருக்கார். அந்த எலிங்க ஒண்ணையொண்ணு கடிச்சுத் தின்ன ஆரம்பிச்சதாம். அதுல ஒரு அல்ப சந்தோஷம் எனக்கு.

அந்த வரிசையில எடை கூடினது ஜெயிச்சுது, இளைச்சது தோத்துது. நான் இப்போ வடிகட்டின துணியைக் கையில வச்சுக்கிட்டு, அந்த 155 கிராம் எலி ஆகணும்னு தவம் கிடக்கறேன்.

மெக்கரிசனுக்குப் பிறகு 1935-ல் குன்னூருக்கு வந்தவர் அய்க்ராய்ட். அதுக்கு முன்னாடி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் ஊட்டச்சத்து வேலை பார்த்தவர். இந்தியச் சாப்பாட்டுப் பொருட்களை வாங்கி, உலர்த்தி, ஆராய்ந்து, 1937-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 'ஹெல்த் புல்லட்டின் எண் 23'. அரிசி, கேழ்வரகு, முருங்கைக்கீரை, சுரைக்காய்னு வரிசையா போட்டு எதிரே எண்கள். பிறகு பல பதிப்பு வந்து, 1971-ல் கோபாலன், ராம சாஸ்திரி, பாலசுப்பிரமணியன் மூணு பேரும் விரிவாக்கி எழுதினதுதான் நான் மேலே சொன்ன புத்தகம்.

அது வரைக்கும் நமக்குச் சாப்பாட்டுக் கணக்கே இல்லைன்னு சொல்ல வரலை. சூடு, குளிர்ச்சி, வாயு, பித்தம்னு நமக்குத் தனிக் கணக்கு இருந்தது. 'பதார்த்த குண சிந்தாமணி' மாதிரி நூல்கள் பொருள் பொருளா குணம் சொல்லும். ஆனா அந்தக் கணக்குல கூட்டல் கிடையாது. பூசணிக்காய் குளிர்ச்சி, சரி, எவ்வளவு? குன்னூர்ப் புத்தகம் கொண்டு வந்தது அந்த 'எவ்வளவு'ங்கிற கேள்வியை.

அது யாருக்காகக் கொண்டு வந்தது? ஜெயிலுக்கு, ஆஸ்டலுக்கு, தோட்டத் தொழிலாளிக்கு, ராணுவத்துக்கு. குறைஞ்ச காசுல ஆளைச் சாகாம வச்சுக்க எவ்வளவு வேணும்னு தெரிஞ்சுக்க. புல்லட்டினோட பேர்லயே 'திருப்தியான உணவைத் திட்டமிடுதல்'னு இருக்கும். எங்கேயும் இளைக்கிறதுன்னு பேச்சே இல்லை. பட்டினிக்குப் போட்ட அளவுகோல் அது.

புத்தகம் வந்து அஞ்சு வருசத்துல அந்த அளவுகோலுக்கு வேலை வந்துடுச்சு. அங்கேதான் செட்டிநாடு வருது.

நம்ம பூமி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைஞ்சா நெல்லு, இல்லைன்னா இல்லை. மதராஸ் மாகாணமே அரிசிக்குப் பர்மாவை எதிர்பார்த்திருந்த காலம். அந்தப் பர்மா அரிசிக்குப் பின்னாடி நம்ம ஊர் நகரத்தார் பணம் இருந்தது. விவசாயிக்குக் கடன் கொடுத்து, 1930-ல் பெருமந்தம் வந்து கடன் திரும்பாம, நிலம் நிலமா கைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவில் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதம் நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1930-களின் முடிவில் 25 சதவீதம். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் நீங்க போட்டோ எடுக்கிற வீடுகள் பலதுல நிக்கிற தேக்குத் தூண் பர்மாத் தேக்குதான். நாம விசேசத்துக்குப் பண்ற கவுனி அரிசியும் அங்கேருந்து வந்ததுன்னு சொல்வாங்க.

1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சான். நிலமும் போச்சு, அரிசியும் நின்னுச்சு. நாலு லட்சத்துக்கும் மேலே இந்தியர்கள் கப்பல்லயும் காட்டு வழியிலயும் தப்பி வந்தாங்க. அடுத்த வருசம் வங்காளத்துல பஞ்சம். அதை விசாரிக்கப் போட்ட கமிஷன்ல ஒரு உறுப்பினர் யாருன்னு நினைக்கறீங்க? நம்ம குன்னூர் அய்க்ராய்ட்தான். செத்தவங்க 15 லட்சம்னு கமிஷன் சொன்ன கணக்கு அவர் போட்டது. அது குறைச்சலான கணக்குன்னு பின்னாளில் அவரே ஒத்துக்கிட்டு எழுதினார். அமர்த்தியா சென் அதைச் சுமார் 30 லட்சம்னு மதிப்பிட்டார். கேரட்டுக்கு எதிரே எண் எழுதின அதே கை இந்த எண்ணையும் எழுதியிருக்குங்கிறது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் சரியா வரலை.

1946-ல் இந்தியாவில் ரேஷன் தானியத்தை ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அவுன்ஸா குறைச்சாங்க. 12 அவுன்ஸ்னா 340 கிராம். அரிசி 100 கிராமுக்கு 345 கலோரின்னு அதே புத்தகம் சொல்லுது. பெருக்கினா 1,173.

என் போன்ல இருக்கிற ஆப், எடை குறைக்க எனக்குக் கொடுத்திருக்கிற இலக்கு 1,500.

அப்பத்தா அப்போ கல்யாணம் ஆகி வந்த புதுசு. அவங்க பேச்சுல கலோரி வந்ததே இல்லை. "அரிசி வாங்க நின்ன காலம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. நான் சின்னப் பையனா இருக்கும்போது தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வச்சா பேச மாட்டாங்க, தட்டையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அரிசி கழுவின தண்ணி கூட எங்க வீட்டுல கீழே போனதில்லை. அதுதானே மண்டி வைக்க! வெண்டைக்காய் மண்டி சாப்பிட்டவங்களுக்குத் தெரியும். காய்த்தோல் துவையல் ஆகும், பூசணி விதை காயும், முருங்கை ஈர்க்கு ரசத்துக்குப் போகும். இப்போ நான் காயைப் பிழிஞ்சு சக்கையைக் குப்பைக் கூடையில போட்டது மட்டும் அவங்க கண்ணுல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுக்கூடப் பார்க்க முடியலை.

அந்தச் சக்கைக்கு வருவோம். ஏன்னா விஷயம் அங்கேதான் இருக்கு.

பழைய புத்தகத்தில் கேரட்டுக்கு நார்ச்சத்து 1.2 கிராம்னு போட்டிருக்கும். 2017-ல் அதே நிறுவனம் 528 உணவுப் பொருட்களுக்குப் புதுசா அட்டவணை போட்டது. அதில் கேரட்டுக்கு நார் 4 கிராமுக்கு மேலே. கேரட் மாறிடுச்சா? கேரட்டும் கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆனா முக்கியமா மாறினது அளக்கிற முறை. பழைய முறை 1860-களில் ஜெர்மனியின் வீண்டே என்ற இடத்தில், மாட்டுத் தீவனத்தை அளக்க வந்தது. அமிலத்தில் வேக வை, காரத்தில் வேக வை, கரையாம மிஞ்சினது நார். அதுல உண்மையான நாரே பாதிக்கு மேலே கரைஞ்சு போயிடும். கரைஞ்சு போனது எங்கே போச்சுன்னா, மாவுச்சத்துக் கணக்குல போய் உட்கார்ந்துக்கிச்சு. மாவுச்சத்தை யாரும் நேரா அளக்கலை. மத்ததையெல்லாம் கழிச்சு மிச்சம் எவ்வளவோ அதுதான் மாவுச்சத்து. அதை நாலால் பெருக்கினா கலோரி. அதனால பழைய 48, புதுப் புத்தகத்துல 33 பக்கத்துல வந்து நிக்குது. (புதுசுல எண்ணெல்லாம் கிலோஜூல். 4.184-ஆல் வகுக்கணும். நம்ம ஊர்ல சிக்ரி இருக்கு, கிலோஜூலுக்கு விளக்கம் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை.)

ஆக அந்த 48-ல கொஞ்சம் சக்கை இருந்தது. நாம குடிக்கிற ஜூஸ்ல சக்கை இல்லை. பழைய புத்தகம், புதுப் புத்தகம் ரெண்டுலயும் முழுக் கேரட்டுக்குத்தான் எண் இருக்கு. எங்க வீட்டுத் துணியில வடிகட்டின தம்ளருக்கு எந்தக் குன்னூரும் கணக்குப் போடலை. போடவும் முடியாது, ஒருத்தர் கை போல இன்னொருத்தர் கை பிழியாது.

சர்க்கரை தண்ணியில கரையும், நார் கரையாது. பிழிஞ்சா சர்க்கரையில பெரும்பகுதி தம்ளருக்குப் போயிடும், நாரில் பெரும்பகுதி துணியில நின்னுடும். கலோரி ஓரளவு குறையுறது நிஜம். ஆனா பசியை நிறுத்தறது எதுவோ அது துணியில நின்னுடுது. இதை 1977-லயே இங்கிலாந்து பிரிஸ்டல்ல ஹேபர், ஹீட்டன் குழு சோதிச்சு 'லான்செட்'டில் எழுதியிருக்காங்க. பத்துப் பேருக்கு ஒரே அளவு ஆப்பிளை முழுசா, மசிச்சு, ஜூஸா மூணு விதமா கொடுத்தாங்க. முழுப் பழம் தின்ன ஆன நேரத்தில் பதினொண்ணில் ஒரு பங்கு நேரத்துல ஜூஸ் உள்ளே போயிடுச்சு. பசி அடங்கினது ஜூஸ்லதான் ரொம்பக் கம்மி. இன்சுலின் எகிறினது ஜூஸ்லதான் அதிகம். 2000-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. 15 பேருக்குத் தினம் 450 கலோரி, நாலு வாரம் மிட்டாயா, நாலு வாரம் சோடாவா. மிட்டாய் தின்னப்போ மத்த சாப்பாட்டைத் தன்னாலே குறைச்சுக்கிட்டாங்க, சோடா குடிச்சப்போ குறைக்கலை. என் பத்தரை மணி வடைக்கு விளக்கம் கிடைச்சுது :(

சரி, வீட்டு ஜூஸுக்குக் கலோரி எப்படித்தான் கணக்குப் போடறது? நான் இப்போ செய்யறது இதுதான். காயைத் தோல் சீவி, காம்பு நறுக்கின பிறகு தராசுல வைக்கிறேன். புத்தக எண் எல்லாம் தின்னக்கூடிய பகுதிக்குத்தான். எல்லாத்தையும் முழுசா கூட்டிடறேன். ஜூஸ்ல இருக்கிறது அதைத் தாண்டாது. அதுதான் உச்சவரம்பு, அதுக்கு மேலே நுணுக்கம் வேண்டாம். சக்கையை ஒரு நாள் நிறுத்துப் பார்த்தேன். 300 கிராம் கேரட்-பீட்ரூட்டுக்கு 110 கிராம் ஈரச் சக்கை வந்தது. அதுக்கு எத்தனை கலோரி கழிக்கணும்னு மண்டையை உடைச்சுக்கறதை விட, தேன் ஸ்பூனைக் கவனிச்சா போதும். குவிச்சு எடுத்த ஒரு ஸ்பூன் தேன் இந்த மொத்த நுணுக்கத்தையும் முழுங்கிடும்.

வெண்பூசணி 100 கிராமுக்கு 10, சுரைக்காய் 12, வெள்ளரி 13. பழைய புத்தகப்படி இதுங்கதான் நிஜமாவே ஒண்ணுமில்லாத காய்ங்க. ஆனா இங்கே ஒரு எச்சரிக்கை. 2010-ல் டில்லியில் ஒரு விஞ்ஞானி, சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடிச்சு இறந்து போனார். சுரைக்காய் சில சமயம் கசக்கும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின்கிற நஞ்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் குழு போட்டு விசாரிச்சது. கசந்தா குடிக்காதீங்க, வாந்தி வயித்துவலி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னது. முதல்ல ஒரு துண்டு நறுக்கி நாக்குல வச்சுப் பார்க்கணும், கசந்தா அந்தக் காயே வேண்டாம். பாகற்காயோட சேர்த்து அடிச்சா எது எதோட கசப்புன்னு தெரியாது. உடம்புக்கு நல்லதுன்னா கசக்கத்தான் செய்யும்னு கண்ணை மூடிக்கிட்டு முழுங்கற ஆளு நான். அதனால இந்த வரியை எனக்காகவே எழுதறேன். 12 கலோரிங்கிற எண்ணுக்குள்ள இது எங்கேயும் இருக்காது.

இப்போ நிலவரம். ஆப்பிளை முழுசா கடிச்சுத் தின்னுடறேன். தேன் நிறுத்தியாச்சு. வாரத்துல மூணு நாள் வெண்பூசணி, மோர் ஊத்தி, உப்பும் மிளகும் போட்டு, வடிகட்டாம. மத்த நாள் மூணு இட்லி, எண்ணித்தான். கேரட் பொரியலுக்குத் திரும்பிடுச்சு. நேத்து எடை 85.2.

எப்பவாவது ஆசைக்குக் கேரட் சாறு பிழிஞ்சா, சக்கையை வீட்டம்மா வாங்கி அடை மாவுல கலந்துடறாங்க. ரெண்டு வெங்காயம், சோம்பு கொஞ்சம் போட்டா நல்லாவே இருக்கு. ஆனா அதுக்கும் கலோரி எழுதணுமான்னு ஒரு குழப்பம், ஏற்கெனவே ஜூஸ் கணக்குல முழுக் கேரட்டையும் எழுதியாச்சே? உங்க வீட்டுல சக்கையை என்ன பண்றீங்க, சொல்லிட்டுப் போங்க.